தேக்கிலை வகுப்பும் மூன்று கல்லும்

காட்டை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருந்தது. பங்குனி மாதம் வந்தால் அதில் தண்ணீர் நடுவில் ஒடுங்கிவிடும். சுற்றிலும் வண்டல் காய்ந்து, தளம் போட்டதுபோல் இறுகிக் கிடக்கும். அங்கேதான் குட்டி விலங்குகள் இலைவண்டிப் பந்தயம் ஓட்டின.

இலைவண்டி செய்வது சுலபம். சுரைக்குடுக்கையைப் பாதியாகப் பிளந்தால் உட்கார இடம். நான்கு புன்னைக்காய்கள் சக்கரம். நடுவில் ஒரு குச்சியை நட்டு, அதில் பூவரச இலையைக் கட்டினால் போதும், காற்று தள்ளிக்கொண்டு போகும். இலையில் கட்டிய நாரை இழுத்தால் வண்டி திரும்பும். நிறுத்துவதற்கு ஒரு கட்டை உண்டு. அதைத் தரையில் ஊன்ற வேண்டும்.

குட்டிகள் பூவரச இலையைத்தான் கட்டலாம் என்பது அங்கே சட்டம். பூவரச வகுப்பு என்ற அந்தப் பந்தயப் பிரிவில் தொடர்ந்து இரண்டு வருடம் முதலாவதாக வந்தவள் செம்பி என்ற அணில் குட்டி. இப்போது அவளுக்கு அது சலித்துவிட்டது.

"அம்மா, இந்த வண்டிய நான் தூக்கத்துலகூட ஓட்டுவேன்! எனக்கு இந்த வேகம் பத்தல!" என்று தினமும் புலம்பினாள்.

"பத்தலன்னா இறங்கி ஓடுடி!" என்றாள் அம்மா அணில்.

பந்தயக் குழுவின் செயலாளர் மாசிலான் என்ற நரி. அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கோடு போடுவான், கொடி நடுவான், கவிழ்ந்த குட்டியைத் தூக்கி உட்கார வைத்துத் தூசி தட்டிவிடுவான். ஆனால் 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வராது. மேகத்துக்கு எத்தனை கால் என்று கேட்டாலும், கொஞ்சம் யோசிப்பதுபோல் கண்ணைச் சுருக்கிவிட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிடுவான்.

அந்த வருடம் பந்தயம் பார்க்க ஒரு விருந்தாளி வந்தார். பனிமலைக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இந்த ஏரிக்கு வரும் வாத்துக் கூட்டத்தின் தலைவர் அவர். பெயர் வெண்கோடர். வருடா வருடம் வந்துபோனதில் நம் மொழியைக் கற்றிருந்தார். பேச்சில் மட்டும் கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும்.

பந்தயம் முடிந்ததும் அவர் சிறகைத் தட்டிப் பாராட்டினார்.

"நன்று! இந்த அணில் குட்டி மிக நன்றாக ஓட்டுகிறாள். ஆனால் எங்கள் ஏரியில் இதே வயதுக் குட்டிகள் இதைவிடப் பெரிய இலையில் ஓட்டுகின்றன. பல நாட்டுக் குட்டிகள் கூடும் பந்தயம் அது. நீங்களும் அந்த வகுப்பை இங்கே தொடங்கலாமே! அதில் முதலாவதாக வருபவரை நாங்களே முதுகில் ஏற்றி அழைத்துச் செல்கிறோம்!"

செம்பியின் வால் குத்திட்டு நின்றது. பல நாட்டுக் குட்டிகளோடு ஓட்டுவதா! அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"அதுக்கென்ன ஐயா, தொடங்கிட்டாப் போச்சு! சர்வதேச வகுப்பு பத்தி நாங்க ரொம்ப நாளா பேசிக்கிட்டுதான் இருக்கோம்!" என்றான் மாசிலான். அந்த நிமிடம்வரை அவன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

"மகிழ்ச்சி. விதிகள் சிலவே. பூவரச இலைக்குப் பதில் தேக்கிலை. நிறுத்தும் கட்டை இரண்டு. சிறு குட்டிகளுக்கு மூன்று கல். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!"

"மறப்போமா ஐயா! மூணு கல். தெரிஞ்ச விஷயம்தானே!" என்று மாசிலான் பலமாகத் தலையாட்டினான்.

ஆனால் அவனுக்கு அது தெரிந்த விஷயம் இல்லை. மூன்று கல் என்றால் என்ன? கல் என்றால் தரையில் கிடக்கும் கல். ஆனால் அந்தப் பக்கத்தில் தூரத்தையும் கல் கணக்கில்தான் சொல்வார்கள். மலையடிவாரம் நாலு கல், ஆறு ஏழு கல் என்பார்கள். இவர் சொல்வது எந்தக் கல்?

கேட்டிருக்கலாம். வெண்கோடர் கண்ணுக்கு எதிரேதான் நின்றிருந்தார்.

செம்பி மெதுவாக வந்து நரியின் காதோரம் கேட்டாள். "மாமா, மூணு கல்லுன்னா தூரமா, இல்ல நெசமாவே கல்லா?"

"உஷ்! வெளிநாட்டுக்காரங்க முன்னாடி கேக்குற கேள்வியா இது? நம்மள என்ன நினைப்பாங்க! தூரம்தான். பந்தயம்னா தூரம் இல்லாம என்ன?"

"எதுக்கும் அவர்கிட்ட ஒரு தடவ கேட்டுடலாமே மாமா!"

"செயலாளர் நீயா, நானா?"

செம்பி தன் வண்டிக்குத் திரும்பிப் போனாள். வெண்கோடர், "புதிய வகுப்பின் பந்தய நாளன்று வருகிறேன்!" என்று சொல்லிவிட்டுத் தெற்கே இன்னொரு ஏரிக்குக் கூட்டத்தோடு பறந்து போனார்.

மாசிலான் கணக்குப் போட்டான். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால் அரைக் கல் தூரம். ஆறு சுற்றுச் சுற்றினால் மூன்று கல். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவனுக்கே தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

புதிய வகுப்புக்கு மூன்று குட்டிகள் பெயர் கொடுத்தன. நுணா என்ற முயல் குட்டி, கீறன் என்ற கீரிப்பிள்ளை, அப்புறம் செம்பி. அம்மா அணில் மட்டும் நேராக நரியிடம் வந்தாள்.

"அண்ணே, இவ எடை ஒரு கைப்பிடி கூட இல்ல. தேக்கிலையோ இவள மாதிரி மூணு மடங்கு நீளம். எனக்கு மனசு கேக்கல. எல்லாம் அவங்க சொன்ன சட்டப்படிதானே நடக்குது?"

"எழுத்துக்கு எழுத்து அவங்க சட்டம்தாம்மா! நானே முன்னாடி நின்னு பாத்துக்கறேன்!"

அம்மா அணில் நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வாள்? சட்டம் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான்.

பந்தயத்துக்கு முன்தினம் வெள்ளோட்டம் நடந்தது. தேக்கிலை கட்டிய வண்டிகள் பாய்ந்தன. முயலும் கீரியும் கனமானவை. அவற்றின் வண்டிகள் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடின. செம்பியின் வண்டியோ ஒவ்வொரு காற்றுக்கும் முன்பக்கம் எழும்பி எழும்பி இறங்கியது. அவள் வண்டியை நிறுத்திவிட்டு நரியிடம் ஓடினாள்.

"மாமா, முன் சக்கரம் ரெண்டும் தரையில நிக்க மாட்டேங்குது!"

மாசிலானுக்கு அதற்கும் காரணம் தெரியாது. கண்ணைச் சுருக்கினான்.

"அது வேகத்தோட குணம் செம்பி! வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் ஓடும்! பயமா இருந்தா சொல்லு, பேரை அடிச்சிடறேன்."

பேரை அடிப்பதா? பனிமலைக்கு அப்பால் போகிற வாய்ப்பை விடுவதா? "பயமெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று செம்பி திரும்பிப் போனாள். அவள் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பந்தய நாள் வந்தது. ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். குரங்குகள் நாவல் மரத்தில் தொங்கின. மயில்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பின்வரிசைக்காரர்களிடம் திட்டு வாங்கின. வாத்துக் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று மாசிலான் கொடியை அசைத்தான்.

முதல் சுற்றிலேயே செம்பி முந்தினாள். பாரம் குறைந்த வண்டி அல்லவா, காற்று அவளைத்தான் முதலில் தள்ளியது. இரண்டாவது சுற்றில் கீரி ஐம்பது அடி பின்னால். மூன்றாவது சுற்றில் முயலைக் காணவே காணோம். கரையிலிருந்து விசில் பறந்தது. "செம்பி! செம்பி!" என்று குரங்குகள் கிளையை உலுக்கின. அம்மா அணில் மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள்.

நான்காவது சுற்று முடிந்தபோது வானத்தில் வாத்துக் கூட்டம் தெரிந்தது. வெண்கோடர் மேலிருந்தே வண்டிகளைப் பார்த்தார். பார்த்ததும் கழுத்தை நீட்டிக் கத்தினார்.

"செயலாளரே! கல் எங்கே? கல் எங்கே?"

மாசிலான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே பார்த்துக் கூவினான். "ரெண்டு கல் முடிஞ்சுது ஐயா! இன்னும் ஒரு கல்தான் பாக்கி!"

"ஐயோ! நிறுத்துங்கள்! வண்டிகளை நிறுத்துங்கள்!"

அதற்குள் ஏரியின் மேற்கு மூலையிலிருந்து ஒரு சூறைக்காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. பங்குனி வெயிலில் அடிக்கடி வருகிற காற்றுதான். கீரியின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முயலின் வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. செம்பி இரண்டு கட்டைகளையும் ஊன்றப் பார்த்தாள். ஊன்றுவதற்குக் கீழே தரை இல்லை. வண்டி மேலே போய்விட்டிருந்தது. தேக்கிலை அவளையும் குடுக்கையையும் தூக்கிக்கொண்டு, கரையைத் தாண்டி, கருவேலம் புதருக்குள் கொண்டுபோய் எறிந்தது.

எல்லாரும் புதரை நோக்கி ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா அணில் ஓடினாள்.

செம்பிக்கு உயிர் இருந்தது. முதுகெல்லாம் முள். வலது பின்னங்கால் இரண்டாக மடங்கிக் கிடந்தது. "அம்மா, நான் ஜெயிச்சேனா?" என்று கேட்டாள். அங்கே நின்ற எல்லாருக்கும் அழுகை வந்தது.

வெண்கோடர் இறங்கி வந்தார். கரைக்குப் போய், அலகால் ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு வந்து, உடைந்த குடுக்கைக்குள் போட்டார். திரும்பப் போய் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இதைத்தான் சொன்னேன். பெரிய இலை, சிறிய உடல். வண்டி பறக்காமல் இருக்கப் பாரம் வேண்டும். சிறு குட்டிகளுக்கு மூன்று கல்."

மாசிலான் குடுக்கைக்குள் கிடந்த கற்களைப் பார்த்தான். "நாங்க... தூரம்னு நினைச்சு... ஆறு சுற்று..."

"தூரமா? இரண்டு பொருள் வரும் என்று உமக்குத் தோன்றவே இல்லையா?"

"தோணுச்சு ஐயா."

"பிறகு ஏன் என்னைக் கேட்கவில்லை?"

அம்மாவின் மடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நான் கேட்டேனே மாமா."

அம்மா அணில் நிமிர்ந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணே, தெரியாதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன போயிருக்கும்?"

"மானம் போயிருக்கும்மா," என்றான் மாசிலான். பொய் சொல்ல அப்போது அவனுக்குத் தெம்பில்லை.

"அது சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்திருக்கும் அண்ணே. என் பொண்ணு கால் வருமா?"

மாசிலான் குனிந்து செம்பியின் முதுகிலிருந்து முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அன்று அவன் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து வாத்துக் கூட்டம் வடக்கே கிளம்பியது. முயலும் கீரியும், "முன்னாடி போயிட்டிருந்தது செம்பிதான், அவளுக்குப் பதிலா நாங்க எப்படிப் போறது?" என்று சொல்லிவிட்டன. அதனால் அந்த ஏரியிலிருந்து யாரும் போகவில்லை. காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய செம்பி, மரக்கிளையில் படுத்தபடி, கூட்டம் புள்ளியாக மறையும்வரை பார்த்தாள். கால் கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது.

மறு மாதம் பந்தயக் குழு கூடியது. ஒரு காகம் எழுந்து, "செயலாளரே, தேக்கிலை வகுப்பை மறுபடி நடத்தினா, எத்தனை எடை இருக்கிற குட்டிக்கு எவ்வளவு பெரிய கல்லு வைக்கணும்?" என்று கேட்டது.

மாசிலான் கண்ணைச் சுருக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்குத் தெரியாது. வாத்துங்க திரும்பி வர்றவரைக்கும் அந்த வகுப்பு கிடையாது. கேட்டுட்டுத்தான் நடத்துவோம்," என்றான்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செம்பி இரண்டும் செய்யவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம் மாமா," என்றாள்.

தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டுகிறவர் தரையில் பத்திரமாக நிற்பார், அவரை நம்பி வண்டியில் ஏறியவர்தான் விழுவார்.