கொம்பையாவின் சிறகும் முள்ளாண்டியின் முள்ளும்

பொதிகை மலையில், மேகங்கள் இறங்கி வந்து இளைப்பாறிப் போகும் மேல்காட்டில், கொம்பையா என்றோர் இருவாச்சிப் பறவை வாழ்ந்தான். அவன் மூக்கின் மேல், இன்னொரு மூக்கைக் கவிழ்த்து வைத்ததுபோல மஞ்சள் நிறத்தில் ஒரு கொம்பு. அந்தக் கொம்பைவிடப் பெரியது அவன் பெருமை.

பெருமையெல்லாம் சிறகுச் சத்தத்தில்தான். கொம்பையா பறந்தால் ‘உஸ்... உஸ்...’ என்று மலை முழுக்கக் கேட்கும். அடிவாரத்து ஊர்க்காரர்கள் ரயில் வந்துவிட்டதென்று மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். ஒருமுறை ஸ்டேஷன் மாஸ்டரே பச்சைக் கொடியை ஆட்டிவிட்டாராம். நம்பாதவர்கள் அந்தக் கொடியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காட்டில் வருஷா வருஷம், மழை ஓய்ந்து பனி இறங்கும் சமயத்தில், ஒரு சளிக்காய்ச்சல் வரும். மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் நோகும், ஒரு வாரத்துக்குக் கிளையை விட்டு எழுந்திருக்க முடியாது. கிழடுகளும் குஞ்சுகளும் எழுந்திருக்காமலே போய்விடுவதும் உண்டு. பொல்லாத காய்ச்சல் அது. போன வருஷம் வந்த முகத்தோடு இந்த வருஷம் வராது. வேஷத்தை மாற்றிக்கொண்டு வரும்.

அதற்கு மருந்து வைத்திருந்தவர் முள்ளாண்டி என்கிற முள்ளம்பன்றி வைத்தியர். வடக்கேயிருந்து வரும் வாலாட்டிக் குருவிகளை வழியில் மடக்கி, அங்கே யாருக்கு என்ன காய்ச்சல், இருமல் எப்படி, எத்தனை பேர் படுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். கேட்டதை வைத்து அந்த வருஷத்துக்கென்று புதிதாக ஒரு மருந்து கூட்டுவார். பிறகு முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, மருந்தில் தோய்த்து, தோளில் ஒரு குத்து. அவ்வளவுதான். ஒருவருக்குக் குத்திய முள்ளை இன்னொருவருக்குக் குத்தமாட்டார். அதனால் பனிக்காலம் பிறக்கும்போது அவர் முதுகு அறுவடை முடிந்த வயல் மாதிரி இருக்கும்.

போன வருஷம் கொம்பையாவும் குத்திக்கொண்டான். மறுநாள் தோள் வீங்கியது. உடம்பு லேசாகச் சுட்டது. அதெல்லாம் பெரிதில்லை. பறந்தபோது ‘உஸ் உஸ்’ வரவில்லை, ‘ப்ர்ர்... ப்ர்ர்...’ என்று வந்தது. அதைப் போயும் போயும் கருப்பழகு என்ற கருமந்திக் குரங்கு கேட்டுவிட்டான்.

“என்ன அண்ணாச்சி, சைக்கிள் பஞ்சரா?” என்றான்.

காடே சிரித்தது. வலி அடுத்த நாளே போய்விட்டது. சிரிப்பு மட்டும் ஒரு வருஷமாகக் கொம்பையாவின் காதுக்குள் கூடு கட்டிக் குடியிருந்தது.

அதனால் இந்த வருஷம் முள் வேண்டவே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டான். முடிவைப் பொண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இங்கே இருவாச்சிகளின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முட்டையிடும் காலம் வந்தால் பெட்டை ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் கொண்டுவரும் மண்ணையும் அத்திப்பழச் சக்கையையும் குழைத்து, உள்ளேயிருந்தே வாசலைப் பூசி அடைத்துவிடும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே அதன் சிறகெல்லாம் உதிர்ந்து போகும். குஞ்சு வளர்கிற வரைக்கும் வெளியே இருப்பவன் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

கொம்பையாவின் மனைவி பேச்சி, முள்ளாண்டியிடம் போய்க் குத்திக்கொண்டு வந்த பிறகுதான் பொந்துக்குள்ளேயே நுழைந்திருந்தாள். வாசல் பாதி அடைத்தாயிற்று. புருஷன் முடிவைச் சொன்னதும் பூசுவதை நிறுத்தினாள்.

“போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சா? வரலையே. உடம்பு அப்படி,” என்றான் கொம்பையா.

“முள்ளு குத்தினதால வரலை.”

“இல்ல, உடம்பு.”

பேச்சி மூக்கை வெளியே நீட்டினாள். “நான் கதவடைச்சா சிறகு போயிரும். அப்புறம் உங்க மூக்குதான் எனக்குச் சோத்துப்பானை. நீங்க ஒரு வாரம் படுத்துட்டா, பிறந்த பிள்ளைக்கு எதை ஊட்டுவேன்? உங்க பெருமையையா?”

சரி, போய்த் தொலைக்கிறேன் என்று கொம்பையா கிளம்பினான்.

கிளம்பியவன் முள்ளாண்டியின் பாறைக்குப் போகவில்லை. பாதி வழியில் ஓர் அத்திமரத்தில் இறங்கிப் பழம் தின்றுகொண்டிருந்தான். அப்போது இசக்கி வந்தான். இசக்கி அடுத்த சரிவில் இருக்கும் இளவட்ட இருவாச்சி. கொம்பையா மாதிரியே சத்தம் வர வேண்டுமென்று விடியற்காலையில் தனியாகப் பறந்து பழகுகிறவன். அவன் மனைவி குருவம்மா ஏற்கெனவே பொந்தை அடைத்துக்கொண்டாள். அவளும் உள்ளே போகும் முன்பே குத்திக்கொண்டவள்தான். இப்போது இவன் முள் குத்திக்கொள்ளப் போகிறானாம். அண்ணாச்சி குத்திக்கொண்டாயிற்றா என்று கேட்டான்.

பயந்துபோய்ப் பழம் தின்கிறேன் என்று ஓர் இளவட்டத்திடம் சொல்ல முடியுமா? கொம்பையா கொம்பை நிமிர்த்தினான்.

“நமக்கெல்லாம் எதுக்கு வே முள்ளு? நம்ம சிறகுச் சத்தம் கேட்டா காய்ச்சல் மலையைச் சுத்திக்கிட்டுல்லா ஓடும்!”

இசக்கிக்குத் தலைகால் புரியவில்லை. ‘நம்ம’ என்று தன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டாரே அண்ணாச்சி! வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

பொழுது சாய்ந்ததும் கொம்பையா தள்ளாடித் தள்ளாடி வீடு திரும்பினான். கிளையில் உட்காரும்போதே ஒரு முனகல். தலை சுற்றுகிறது என்றான். கண் இருட்டுகிறது என்றான். வாலில் எரிச்சல், நாக்கில் கசப்பு, நகக்கண்ணில் குடைச்சல் என்று அடுக்கிக்கொண்டே போனான். பேச்சி வாசலைப் பூசியபடியே எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

“குத்தின இடம் எப்படியிருக்கு?” என்று கேட்டாள்.

“அதுவா? அது ஒண்ணும் செய்யலை.”

பூச்சு நின்றது.

“வாலு எரியுது, நாக்கு கசக்குது. குத்தின இடம் மட்டும் வலிக்கலை,” என்றாள் பேச்சி. “எனக்கு அந்த இடம் ஒண்ணுதான் வலிச்சுது.”

அடுத்த நொடி, பூசிய மண்ணையெல்லாம் உள்ளேயிருந்து மூக்கால் தள்ளிவிட்டாள். பாதிச் சுவர் பொத்தென்று அடியில் விழுந்தது. அவன் தோளில் முள் ஏறாமல் தன் வாசலில் மண் ஏறாது என்று சொல்லிவிட்டாள். அந்த வருஷம் முட்டையே இல்லாவிட்டாலும் சரியாம்.

கொம்பையா விழுந்து கிடந்த மண்ணைப் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். இந்தத் தடவை அத்திமரத்தில் இறங்கவில்லை.

முள்ளாண்டி முள்ளை உருவும் முன்பு, போன தடவை குத்தியபோது மூச்சு முட்டியதா, தொண்டை அடைத்ததா என்று விசாரித்தார்.

“சத்தம் மாறிப்போச்சு, வைத்தியரே.”

“அதுக்கு என்கிட்ட மருந்தில்ல,” என்றார். “இப்ப காய்ச்சல் ஏதும் இருக்கா? இல்லையா, நல்லது. தோள் வலிக்கும் வே. உடம்பு கொஞ்சம் நோகும். ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். மருந்து பிடிக்கப் பதினஞ்சு நாள் ஆகும். காய்ச்சல் வரவே வராதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன், சில வருஷம் என் கணக்கும் சறுக்கும். ஆனா வந்தாலும் ஆளைச் சாய்க்காது.”

குத்தினார். எறும்பு கடித்ததுபோலத்தான் இருந்தது. உடனே பறக்காமல் கொஞ்ச நேரம் தன் கண்ணெதிரே உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் தோள் அத்திக்காய் அளவுக்கு வீங்கியது. குளிர் எடுத்தது. சிறகு ‘ப்ர்ர்’ என்றது. அன்று கொம்பையா கொண்டுவந்த பழம் கொஞ்சம்தான். வந்தவன் ஒரு முனகலும் இல்லாமல் உட்கார்ந்தான்.

“எங்கே வலிக்குது?”

“தோளு.”

“இப்ப மண்ணு கொண்டாங்க,” என்றாள் பேச்சி.

வாசல் அடைந்தது. அடுத்த நாள் வலியும் போயிற்று, ‘உஸ் உஸ்’ஸும் திரும்பி வந்தது. ஆனால் இசக்கியிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல் கொம்பையாவின் தொண்டையில் சிக்கிக் கிடந்தது. நான் குத்திக்கொண்டேன், நீயும் போ என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கு அளந்தது என்னாவது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினான். மறுநாளும் அதையே நினைத்தான். இசக்கியின் சரிவு வந்தால் சுற்று வழியில் பறந்தான்.

பனி இறங்கியது. காய்ச்சலும் வந்தது. முதலில் விழுந்தவன் கருப்பழகு. கேலி பேசும் வாயால் மூச்சு விடுவதே பாடாகிவிட்டது. பிறகு மான்கள், மலையணில்கள், காட்டுக்கோழிகள். கொம்பையாவும் ஒரு காலையில் தும்மினான். மூக்கு ஒழுகியது. சரி, படுக்கப் போகிறோம் என்று பயந்தபடி காத்திருந்தான். மத்தியானத்துக்குள் பசி எடுத்துவிட்டது. எழுந்து பழம் தேடப் போய்விட்டான்.

பறக்கும்போதுதான் கவனித்தான். அடுத்த சரிவில் சத்தமே இல்லை.

போய்ப் பார்த்தான். இசக்கி ஒரு தாழ்ந்த கிளையில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கண் சிவந்து, மூக்கு தொங்கிப்போயிருந்தது.

“அண்ணாச்சி,” என்றான். “நானும் சத்தமாத்தான் பறந்தேன். காய்ச்சல் ஓடலையே.”

கொம்பையா அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

“குருவம்மா சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு. உள்ளே குஞ்சு பொரிச்சிருக்கு.”

கொம்பையா கொத்துக் கொத்தாக அத்திப்பழம் பறித்து விழுங்கிக்கொண்டு குருவம்மாவின் மரத்துக்குப் பறந்தான். கீற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும், உள்ளேயிருந்து ஒரு மூக்கு ஈட்டி மாதிரி வெளியே பாய்ந்தது. அடைத்துக் கிடக்கும் பெட்டைக்குப் புருஷனின் சிறகுச் சத்தம்தான் அடையாளம். வேறு சத்தத்தோடு வருகிறவன் கூட்டைக் கெடுக்க வந்தவன்.

“யாரு அது? எங்க வீட்டுக்காரர் சத்தம் இது இல்ல.”

நான்தான் கொம்பையா, ரயில் சத்தத்துக்குச் சொந்தக்காரன் என்று ஆரம்பித்தான். மூக்கு இன்னும் கூர்மையாக நீண்டது. எந்த ரயிலாக இருந்தாலும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாள் குருவம்மா. உள்ளே ஒரு குஞ்சு கீச்சென்று அழுதது. குரலில் தெம்பே இல்லை.

கொம்பையா கொம்பைத் தாழ்த்தினான். தொண்டையில் சிக்கிக் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“உன் புருஷன் காய்ச்சல்ல கெடக்கான். முள்ளு குத்திக்கப் போனவனை நான்தான் திருப்பி அனுப்பிச்சேன். வீம்புக்குச் சொன்னேன். அப்புறம் நான் மட்டும் போய்க் குத்திக்கிட்டு வந்துட்டேன். அவன்கிட்ட சொல்லலை. வெக்கம். தப்பு என் மேலதான், தாயி. பிள்ளையைப் பட்டினி போட்டுராத.”

பிறகு அந்த மூக்கு மெல்லத் திறந்தது.

“பழத்தைப் போடும்,” என்றாள் குருவம்மா. “உம்மைத் திட்டுறதுக்கும் தெம்பு வேணும்ல.”

போட்டான். அவள் தின்றாள், குஞ்சுக்குக் கொடுத்தாள். தெம்பு வந்ததும், சொன்ன சொல் தவறாமல் திட்டினாள். அதையும் கேட்டுக்கொண்டான்.

இசக்கி எழுந்து பறக்கிற வரைக்கும் கொம்பையா ஓயவில்லை. இந்தப் பொந்துக்கு ஒரு நடை, அந்தப் பொந்துக்கு ஒரு நடை, நடுவில் இசக்கியின் வாயிலும் நாலு பழம். அடிவாரத்து ஊரில், மலைக்கு மேலே இரட்டைத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். பேச்சி உள்ளேயிருந்தபடி சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

“இப்ப வேணும்னா பெருமைப்பட்டுக்கிடுங்க,” என்றாள்.

அந்த வருஷம் இரண்டு பொந்திலிருந்தும் குஞ்சுகள் நல்லபடியாக வெளியே வந்தன.

அடுத்த பனிக்கு முன்பு, முள்ளாண்டியின் பாறையில் முதல் ஆளாகப் போய் நின்றவன் கொம்பையா. அவனுக்குப் பின்னால் இசக்கி. அவனுக்கும் பின்னால், ஒன்றும் தெரியாதவன் போல மரத்தைப் பார்த்துக்கொண்டு கருப்பழகு. வலிக்குமா என்று குஞ்சுகள் கேட்டன. வலிக்கும், ஒரு நாள் வலிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னான் கொம்பையா.

மறுநாள் அவன் காட்டின் நடுவாகவே பறந்தான், ‘ப்ர்ர்... ப்ர்ர்...’ என்று. கருப்பழகுவுக்குத் தன் தோளும் வலித்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“என்ன அண்ணாச்சி, இந்த வருஷமும் பஞ்சரா?”

“ஆமா வே,” என்றான் கொம்பையா, கொம்பை வானத்துக்கு நிமிர்த்தி. “இந்தப் பஞ்சர் சைக்கிள்தான் போன வருஷம் ரெண்டு வீட்டுக்குச் சோறு கொண்டு போச்சு.”

இந்தத் தடவையும் காடு சிரித்தது. ஆனால் கருப்பழகுவைப் பார்த்து.

ஒரு நாள் வலிக்கும் ஊர்ச் சிரிப்புக்கும் பயந்து தன்னைக் காத்துக்கொள்ளாதவன் தன்னை நம்பி இருப்பவர்களையும் சேர்த்தே பட்டினி போடுகிறான். வலியைத் தாங்கி, அதை மறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுகிறவனுடைய பெருமையே பெருமை.