மூன்றாவது இருபத்தொன்று

பிலோமினா தன் ஆசிரியையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். திருச்சியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதாவது வயதில் குரோமோசோம் பிரிவுக்குத் தானாகக் கேட்டு மாறி வந்தவர். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ஹசீனா.

படமெடுத்த குரோமோசோம்களைக் கம்ப்யூட்டரே ஜோடி சேர்த்துவிடும். கற்க வந்தவர்களுக்கு ஹசீனா அதை அனுமதிப்பதில்லை. படத்தை அச்செடுத்துக் கொடுத்து, கத்தரிக்கோலால் வெட்டிக் கையால் சேர்க்கச் சொல்வார். நாற்பத்தாறு துண்டுகள், இருபத்துமூன்று ஜோடிகள். ஆறு மாதத்தில் பிலோமினாவுக்கு அது கைவந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் எதையும் வெட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா?" என்றார் ஹசீனா.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர். அதைக் கேக்கத்தான் இந்தப் பிரிவுக்கே வந்தேன்."

"கேளுங்க."

"என் பையன் லியோவை உங்களுக்குத் தெரியும்."

தெரியும். லியோவுக்குப் பத்தொன்பது வயது. டவுன் சின்ட்ரோம். சில மதியங்களில் அப்பாவோடு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வருவான். பிரிவில் இருக்கிற எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போவான்.

"அவன் அக்கா ரெஜினா இப்ப பத்து வாரம் முழுகாம இருக்கா. நேத்து போன்ல அழுதா. தம்பி மாதிரியே பொறந்தா என்னம்மா செய்வேங்கறா. கலைச்சிடட்டுமான்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியலை. இது எங்க ரத்தத்துல வர்றதா டாக்டர்?"

"லியோவுக்குக் குரோமோசோம் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. பொறந்தப்பவே முகத்தைப் பார்த்து டாக்டர் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் பார்க்க எனக்குத் தைரியம் வரலை."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் லியோ வந்தான். ஊசி குத்தும்போது தன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் அம்மாவின் கண்ணைப் பொத்தினான்.

ரத்தத்திலிருந்த செல்கள் வளர்ந்து படமாக ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் பிலோமினா மகளிடம் "கொஞ்சம் பொறு" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் ஹசீனா ஒரு தாளையும் கத்தரிக்கோலையும் அவர் முன்னால் வைத்தார்.

"லியோவோடது."

"நீங்களே சொல்லிடுங்க டாக்டர்."

"கேள்வி உங்களோடது. நீங்களே பாருங்க."

முதல் துண்டு கோணலாக வெட்டுப்பட்டது. அடுத்ததும் அப்படித்தான். அதற்குப் பிறகு கை பழைய நிதானத்துக்கு வந்தது. பதிமூன்று ஜோடிகள் சேர்ந்ததும் பிலோமினா நிறுத்திவிட்டார்.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். சிலருக்கு அது பதினான்கு போன்ற வேறொன்றின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அது பெற்றவர்களிடமிருந்து வந்திருக்கலாம். கூடப் பிறந்தவர்களிடமும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட தாள்களை அந்த ஆறு மாதத்தில் பிலோமினா இரண்டு முறை பார்த்திருந்தார்.

"பதினாலு எப்படி இருக்கு?" என்றார் ஹசீனா.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. மேல எதுவும் ஒட்டலை."

"மேற்கொண்டு பாருங்க."

கடைசியில் மிகச் சிறிய துண்டுகள் மிஞ்சின. இருபத்தொன்றில் மூன்று. பிலோமினா தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறை எண்ணினார்.

"நாப்பத்தேழு. மூணும் தனித்தனியா இருக்கு டாக்டர்."

"அப்படின்னா?"

"ஒரு ஜோடி பிரிஞ்சிருக்கணும், பிரியலை. ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம் போயிடுச்சு. பெரும்பாலும் முட்டையில, சில சமயம் விந்துல. எதுலன்னு இந்தத் தாள் சொல்லாது. ஆனா பரம்பரையா வர்றதில்லை. ரெஜினாவுக்கு…"

"சொல்லுங்க."

"அவ வயசுல மத்த பொண்ணுங்களுக்கு எவ்வளவு வாய்ப்போ, அவ்வளவுதான்."

"போன் பண்ணுங்க."

பிலோமினா வராந்தாவுக்குப் போனார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பியபோது முகம் கழுவியிருந்தார்.

"தோசை ஊத்தப் போறாளாம். ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடலையாம்."

ஹசீனா சிரித்தார். அடுத்த தாளை எடுக்கக் கை நீட்டினார். பிலோமினா எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு டாக்டர்."

"ம்."

"லியோ வயித்துல மூணாம் மாசம். எனக்குக் கடுமையான காய்ச்சல். டாக்டரைக் கேக்காம கடையில மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டேன். அதனாலதான் இவன் இப்படின்னு… எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இதைச் சொன்னதில்லை."

ஹசீனா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"முட்டை எப்போ பிரிய ஆரம்பிக்குது?"

"நான் எங்கம்மா வயித்துல இருக்கும்போதே. ஆரம்பிச்சுப் பாதியில நின்னுடும். அப்புறம் வருஷக்கணக்கா அப்படியே காத்திருக்கும்."

"மிச்சம்?"

"முட்டை வெளிய வர்றப்போ கொஞ்சம். விந்து வந்து சேர்றப்போ மீதி."

"மாத்திரை?"

"மூணாம் மாசம்."

பிலோமினா தான் சொன்னதை அப்போதுதான் கேட்டவர் போல நிமிர்ந்தார். ஆறு மாதமாகப் படித்த பாடம்தான். தன் பிள்ளைக்கு அதை ஒரு தடவைகூடப் பொருத்திப் பார்த்ததில்லை.

"அப்ப, அவனை நான் எதுவும் பண்ணலையா டாக்டர்?"

"நீங்க மாத்திரை போட்ட அன்னைக்கே அவன் லியோதான், அக்கா."