கண்ணை மூடிக் கேட்ட பாட்டு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், பாட்டு என்றால் உயிரை விடும் கரடி ஒன்று இருந்தது. அதன் குகையில் பாட்டுப் போடும் கருவியோடு, மரத்தால் செய்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் இருந்தது. காட்டோரத்தில் கூடாரம் அடித்திருந்த யாரோ விட்டுவிட்டுப் போனது. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், பிள்ளைகளே. கரடி பாட்டுக் கேட்கும் கதையில் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

குகைக்குப் பக்கத்து வளையில் ஒரு முயல் குடியிருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். மழை ஏன் கீழ்நோக்கியே பெய்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு கொக்கை ஊரைவிட்டே துரத்திய முயல் அது. மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், முயலுக்கும் கரடியின் குகைதான் கதி.

ஒருநாள் நரி ஒன்று பளபளவென்று மின்னும் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"கரடியண்ணே, இது இப்போ வந்த புது ஸ்பீக்கர். இதுல ஒரு பாட்டைக் கேட்டீங்கன்னா, உங்க மரப்பெட்டியை உடைச்சு அடுப்புல வெச்சிருவீங்க!"

"எனக்குக் குடுத்துடேன்!" என்றது கரடி.

"தாராளமா. பதிலுக்கு இந்தக் குகையை எனக்குக் குடுங்க. மழை வரப்போகுது, நானும் எங்கேயாவது தலையைச் சாய்க்க வேணாமா?"

கரடி தயங்கியது. நரி விடவில்லை. பாட்டுப் போடும் கருவியின் கம்பியை முதலில் மரப்பெட்டியில் சொருகி ஒரு பாட்டைப் போட்டது. பிறகு அதே பாட்டைப் புதுப் பெட்டியில் போட்டது. குகைச் சுவரே அதிர்ந்தது.

"அடேயப்பா! என்னா இனிமை!" கரடிக்குப் புல்லரித்துவிட்டது. "குகையை நீயே எடுத்துக்கப்பா!"

குகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முயல் உள்ளே ஓடிவந்தது. அதற்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மரப்பெட்டி பாடியபோது எதிர்மரத்து மைனாக்கள் சும்மா உட்கார்ந்திருந்தன. புதுப் பெட்டி பாடியதும் எல்லாம் பறந்தோடிவிட்டன.

"அண்ணே, புதுசு நல்லாப் பாடுச்சா, இல்ல சத்தமாப் பாடுச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதானான்னு பாத்துட்டா என்ன?"

"ஆரம்பிச்சுட்டியா?" என்று நரி முகத்தைச் சுளித்தது.

முயல் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மரப்பெட்டியைப் பாடவிட்டுவிட்டு நடந்துகொண்டே போனது. ஒரு பாம்புப் புற்றருகே பாட்டு தேய்ந்து, காதுக்கு எட்டாமல் போயிற்று. புதுப் பெட்டியின் பாட்டோ புற்றைத் தாண்டியும் துரத்திக்கொண்டு வந்தது. முயல் அங்கும் இங்கும் ஓடி, புதுப் பெட்டியின் சத்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. கடைசியில் அந்தப் பாட்டும் புற்றருகே வந்து தேய்ந்தது.

"இப்போ ரெண்டுக்கும் ஒரே சத்தம். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்கண்ணே."

கரடி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டது. முயல் கம்பியை மாற்றி மாற்றிச் சொருகியது. கரடி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டது.

"இதுல மத்தளம் நல்லா இருக்கு. அதுல புல்லாங்குழல் தெளிவா இருக்கு. ஆனா எது புதுசு, எது பழசுன்னு தெரியலையே!"

"தெரியாத ஒண்ணுக்காகக் குகையைக் குடுக்கணுமாண்ணே?"

நரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கரடி காது பூரா முடி! அதுக்கு என்ன தெரியும்? புதருக்குள்ள எலி மூச்சுவிட்டாலும் எனக்குக் கேட்கும். கண்ணை மூடிக்கிட்டே, ஒவ்வொரு தடவையும் எந்தப் பெட்டி பாடுதுன்னு நான் சொல்றேன். சரியாச் சொல்லிட்டா குகை எனக்கு!"

"சொல்லிடு பாக்கலாம்!" என்று கரடி ரோஷத்தில் உறுமிவிட்டது.

முயலுக்குத் திக்கென்றது. நரிக்கு உண்மையிலேயே கூர்மையான காது. அது சரியாகச் சொல்லிவிட்டால், வரும் மழையில் இருவரும் நனைய வேண்டியதுதான். ஆனாலும் நரி காதால்தான் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆசை பயத்தையும் மீறி நின்றது.

நரி வாலால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது. முயல் கம்பியைச் சொருகியது. பாட்டு ஒலித்தது.

"தூ! இது மரப்பெட்டி. கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

முயல் கம்பியை உருவியது. சருகுகள் சரசரக்க இரண்டு பெட்டிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. பிறகு மறுபடியும் சொருகியது.

"ஆகா! இதுதான் புதுசு!" நரி சொக்கிப்போய் ஆடியது. "தேன்! அத்தனையும் தேன்! பழசுல இப்படி வருமா? கரடியண்ணே, மூட்டையைக் கட்டுங்க!"

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நரி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தது. கம்பி மரப்பெட்டியில் சொருகியிருந்தது.

"கடைசியில மாத்திட்டியா?" என்று நரி சீறியது.

"நான் மாத்தவே இல்லை, நரியண்ணே. ரெண்டு தடவையும் பாடினது மரப்பெட்டிதான். கரடியண்ணன் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. முதல்ல கிணறுன்னீங்க, அப்புறம் தேனுன்னீங்க. ஒரே பெட்டி அப்படி எப்படிண்ணே மாறும்?"

முயல் கேலி செய்யவில்லை. அதற்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.  நரி தன் பளபளப்பான பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மூங்கில்களுக்குள் போய் மறைந்தது.

நீதி: கண் முதலில் முடிவு செய்துவிட்டால் காது அதற்கு ஆமாம் போட்டுவிடும், புதியதோ பழையதோ, சோதித்துப் பார்த்த பிறகே நல்லது எது என்று சொல்.