பெயின்ட்டுக்கு அடியில்

ஆயுதபூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று பிரஸ் மெஷின்களின் கன்ட்ரோல் பேனலுக்குள்ளேயும் பெயின்ட் அடிக்கச் சொன்னவர் சீஃப் இன்ஜினியர் சபாபதி. பூஜை முடிந்து ஓட்டிய முதல் நாளே, பட்டனைத் தொடாமலே ஒரு மெஷினின் இரும்பு அச்சு தானாக இறங்கியது. ஆபரேட்டர் காளியப்பன் மயிரிழையில் கையை இழுத்துக்கொண்டான்.

"மெஷின்ல கோளாறே இல்ல. இவனை வேலையை விட்டு அனுப்புங்க," என்றார் சபாபதி முதலாளியிடம்.

வயரிங் வேலை பார்க்கும் ரங்கம்மாள் உப்புத்தாளை எடுத்தாள். பேனலுக்குள் சிக்னல் கேபிளைச் சுற்றியிருக்கும் கம்பி வலையான ஷீல்டை எர்த்தோடு சேர்க்கும் கிளாம்பைக் கழற்றி, அதற்கு அடியிலிருந்த பெயின்ட்டைத் தகடு தெரியத் தேய்த்து, மறுபடி முறுக்கினாள்.

"எர்த்துக்குப் போற வழியைப் பெயின்ட் அடைச்சதால மோட்டார் கிளப்புற மின்சார நாய்ஸ் சிக்னல்ல கலந்து, பட்டனை அமுக்கின மாதிரி ஆகிப்போச்சுங்க. இந்த மெஷின்ல நான் கை வெக்கிறேன். பக்கத்து மெஷின்ல பெயின்ட் அப்படியேதான் இருக்கு. அதுல நீங்க வெச்சுக் காட்டுங்க சார்."

சபாபதியின் கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.