குலசேகரன் விட்டுப்போன மின்கலம்

கேளுங்கள், விடை தெரிந்த பிறகும் எனக்கு மனசு ஆறாத புதிர் இது.

வேதவல்லியும் குலசேகரனும் ஒரே ஆய்வுக்கூடத்தில் மின்கலம் செய்தவர்கள். மின்சாரம் கடத்தும் பாலிமரை மட்டும் வைத்துச் செய்தால், சார்ஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அது உப்பிச் சுருங்கும். ஆயிரம் சுற்றுக்குள் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். குலசேகரன் அதில் களிமண்ணை மெல்லிய ஏடு ஏடாகப் பிரித்துக் கலந்தான். எந்தக் கலவையானாலும் காசு போல இரண்டு வில்லை அழுத்துவது அந்தக் கூடத்து வழக்கம்: ஒன்று செல்லுக்குள், அதாவது மின்கலத்துக்குள், வைத்துச் சோதனை இயந்திரத்துக்கு, ஒன்று ஈரம் புகாத ஜாடிக்கு.

ஏழாயிரம் சுற்று தாண்டியும் அவன் செல் சளைக்கவில்லை. அவன் உடம்புதான் விட்டுவிட்டது, பாவம். மஞ்சள் காமாலை முற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என் செல்லை யாரும் நிறுத்த விடாதீங்க. அதுவா ஓயட்டும்" என்றான். "சத்தியமா" என்றாள். மறுநாள் போய்விட்டான்.

அவன் மனைவி பூரணி தினமும் வந்து, செல் ஓடும்வரை இயந்திரத்தில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போவாள்.

குலசேகரன் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்திருந்த ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: கலவையில் மண் எத்தனை பங்கு? அவன் குறிப்பேட்டில் எடை குறித்த பக்கத்தில் அமிலம் கொட்டி எழுத்தே அழிந்திருந்தது. பத்து நாளில் பதில் போகாவிட்டால் அவனுக்குப் பட்டம் கிடையாது.

"செல்லைப் பிரித்து வில்லையை எரித்துவிடு, வேதா. பாலிமர் போய் மண் மிஞ்சும், எடை போட்டுவிடலாம். அவனுக்கு நாம் செய்யக்கூடியது இந்தப் பட்டம் ஒன்றுதான்" என்றார் கூடத்துத் தலைவர் பேராசிரியர் தில்லைநாயகம்.

பூரணி உடைந்து அழுதாள். "அவரைத்தான் எரிச்சாச்சே அக்கா, இதையும் எரிக்கணுமா? எனக்குப் பட்டமே வேண்டாம்."

ஒன்பது நாள் வேதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் காலையில் அவளே சுவிட்சை அணைத்தாள். வில்லையை எடுத்துக் கழுவி, உலர்த்தி, எரித்தாள். பதில் போயிற்று, பட்டமும் வந்தது. அதை வாங்கிக்கொள்ள பூரணி வரவில்லை.

எரிக்கச் சொன்னவர், எரிக்காதே என்றவள், சத்தியத்தை மீறி எரித்தவள். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: பூரணி பக்கம். அவளுக்குக் கூடத்து வழக்கம் தெரியாது. தெரிந்த இருவரும் அதை மறந்தார்கள். பட்டம் வந்த மறுவாரம் குலசேகரனின் மேசையை ஒழித்தபோது வேதவல்லியின் கையில் அந்த ஜாடி தட்டுப்பட்டது. உள்ளே, எரித்த வில்லையின் அதே தேதி எழுதிய இரண்டாவது வில்லை. அதை எரித்திருந்தால் போதும், பச்சை விளக்கு இன்றும் மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த வில்லையைப் பூரணியிடம் கொடுப்பதா, மறைப்பதா என்று வேதவல்லிக்கு இன்னும் தெரியவில்லை.