கழித்துப் போட்ட படங்கள்

நாச்சிமுத்து பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்த்தவர். பழுதான உருப்படி கையில் பட்டால் மறுயோசனையே கிடையாது, ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு பறவைகளைப் படம் எடுக்க வந்தார். கம்பெனிப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

அவருடைய குரு ஜமீலாவுக்கு வயது முப்பத்திரண்டு. சூலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஞாயிறு காலைகளில் குளக்கரையில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருவார். பாடம் நடக்கும்போது நாச்சிமுத்து அவரை டீச்சர் என்பார், டீ குடிக்கும்போது அம்மிணி என்பார்.

அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், கேமராவ மாத்தலாமா, வேண்டாமா? நீங்க சொன்னாச் செரிங்க."

பழைய கேமரா பறவையை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பிடிக்கிறதாம். புதியது பறவையின் கண்ணைத் தானே தேடிக்கொள்ளுமாம். அந்தப் படங்களைத் திறக்கப் புதுக் கம்ப்யூட்டரும் வேண்டுமாம். மனிதர் மூச்சு விடாமல் புலம்பினார்.

ஜமீலா நடுவில் ஒன்றே ஒன்று கேட்டார். முன்பெல்லாம் கூடவே வந்த உங்கள் வீட்டம்மா பொங்கலுக்குப் பிறகு ஏன் வருவதில்லை என்றார்.

"தெய்வானைங்களா? முட்டி வலிங்கறா. வயசாகுதில்லீங்க," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து மறுபடி கேமராவுக்கே வந்தார்.

"நல்லா வந்த படம் வேண்டாங்க சார். கெட்டுப்போனத மட்டும் காட்டுங்க," என்றார் ஜமீலா.

நாச்சிமுத்துவுக்கு ஒரே குஷி. கேமராவின் குற்றத்தை நிரூபிக்க வேறென்ன வேண்டும்? ரிஜெக்ட் என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தார். திரை நிறையக் குட்டிக் குட்டிப் படங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் குச்சிமேல் ஒரு மீன்கொத்தி, நீலமாகக் கலங்கிப்போய்.

"இதயெல்லாம் பெருசாக்கிப் பாத்தீங்களா?"

"ஒண்ணு தொறக்க அரை நிமிசம் ஆகுதுங்க. குருவி கலங்கியிருந்தாக் கழிச்சுப்போட வேண்டியதுதானுங்களே."

ஜமீலா ஒரு படத்தைத் தட்டினார். லேப்டாப் முனகியது. படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மீன்கொத்தி கலங்கலாகவே இருந்தது. அதற்குப் பின்னால் கரை வளைகிற இடத்தில், புல்லின் நுனிகூட எண்ணிவிடலாம் போல, அத்தனை துல்லியமாகத் தெய்வானை நின்றிருந்தார். கையில் பிளாஸ்க்.

"அட, நம்மூட்டுக்காரி," என்று நாச்சிமுத்து சிரித்தார்.

அடுத்த படத்தில் தெய்வானையின் ஒரு கால் சேற்றில் வழுக்கியிருந்தது. அதற்கடுத்ததில் அவர் முட்டி மடங்கிக் கல்லின்மேல் கிடந்தார். பிளாஸ்க் தண்ணீரில் மிதந்தது. வலியில் அவர் வாய் பிளந்திருந்தது.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இது அவர் எடுத்த படம். அவர் விரல்தான் பட்டனை அழுத்தியது. அன்று பிளாஸ்க் எங்கே என்று கேட்டதும், தொலைத்துவிட்டேன் என்று தெய்வானை சொன்னதும், அதற்கு அவர் திட்டியதும் ஞாபகம் வந்தது.

"அடுத்தது," என்றார்.

அந்த அரை நிமிஷம் போகவே மாட்டேன் என்றது. திறந்த படத்தில் தெய்வானை இன்னும் விழுந்த இடத்திலேயே கிடந்தார். கண்கள் கேமராவைப் பார்த்திருந்தன. ஒரு கையால் முட்டியையும், மறு கையால் தன் வாயையும் இறுக்கிப் பொத்தியிருந்தார்.

பறவை உட்கார்ந்திருக்கும்போது யாரும் மூச்சுக் காட்டக்கூடாது. குளக்கரைக்கு வந்த முதல் நாளே நாச்சிமுத்து மனைவிக்குப் போட்ட சட்டம் அது.

அதன்பின் பதினொரு படங்கள். அத்தனையிலும் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. பன்னிரண்டாவதில் குச்சி காலியாக இருந்தது. மீன்கொத்தி பறந்துவிட்டது. அதில்தான் தெய்வானை கையை எடுத்திருந்தார்.

நாச்சிமுத்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, இத நான் பாக்கவே இல்லீங்களே."

ஜமீலா லேப்டாப்பை மூடவில்லை.

"கேமரா பாத்துருச்சுங்க சார்."