பதினோரு ஓட்டைகள்

"இனிமே இந்த வண்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாது. பெயிண்ட் அடிச்சிரலாமா?" என்று கேட்டார் அருள்தாஸ்.

கேள்விதான். ஆனால் பதில் தெரிந்தவரின் முகம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடி உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த 1965 ஹெரால்டு காரை எட்டு மாதமாகப் போராடி எழுப்பி நிறுத்தியிருந்தார். அடுத்த மாதம் கன்னியாகுமரிக்குப் பழைய கார்களின் ஊர்வலம். மனைவி மரியபுஷ்பம் அதற்கென்று ஒரு சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அவர் கேட்டது ஹசீனாவிடம். டிங்கர் பட்டறை அவளுடையது. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். தகரத்தை வெட்டவும் வெல்டு வைக்கவும் அவருக்குக் கற்றுக்கொடுத்த குரு. தங்கை கல்யாணத்துக்காகக் காயல்பட்டினம் போயிருந்தவள், மூன்று வாரம் கழித்து அன்றுதான் வந்திருந்தாள்.

"எப்படிப் போகாது அண்ணாச்சி?"

"கதவுக்கு அடியில, கால் வச்சு ஏறுற படிக்கு அடியில துரு தின்ன ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிட்டேன். மல்லாந்து படுத்து ஒவ்வொண்ணா வெல்டு வச்சேன். மொத்தம் பதினொண்ணு."

"ஓட்டை எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் ஒரே அளவு. சுண்டுவிரல் நுழையும். நல்ல வட்டம்."

"துரு அவ்வளவு வட்டமாவா தின்னும்?"

அது அவர் காதில் ஏறவில்லை. பெயிண்டர் இசக்கியை மதியமே வரச் சொல்லிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹசீனா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். கதவில் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக, கண்ணாடியை ஒட்டி, நிதானமாக அரை வாளியை ஊற்றினாள்.

அருள்தாஸ் குனிந்து கதவின் அடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு விழல." அவர் குரலே துள்ளியது.

"கதவை ஆட்டுங்க."

ஆட்டினார்.

சளக்.

இன்னொரு தடவை ஆட்டினார். சளக்.

"இந்தச் சத்தம்... ஒரு வாரமாக் கேக்குது," என்றார் மெதுவாக. "கண்ணாடி ஆடுதுன்னு நினைச்சேன்."

"தண்ணி எந்த வழியாப் போச்சு?"

"கண்ணாடி இறங்குற வழியா."

"அதையும் அடைச்சிரலாமா?"

"அடைச்சா கண்ணாடி எப்படி இறங்கும்?"

ஹசீனா மீதித் தண்ணீரால் கை கழுவிக்கொண்டாள்.

அருள்தாஸ் கதவைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு தானே போய் டிரில்லை எடுத்துவந்து, தரையில் மல்லாந்து படுத்தார். தன் வெல்டின் மேலேயே வைத்து அழுத்தினார்.

தகரம் விட்டுக்கொடுத்ததும் முகத்தில் கொட்டியது. ஊற்றியது தெளிந்த தண்ணீர். வந்தது கடுங்காப்பி நிறம்.

"அந்த நிறம் நான் ஊத்துனதில இல்ல," என்றாள் ஹசீனா. "போன வாரத்து மழை. வெளிய போகக் கம்பெனிக்காரன் வச்ச வழி அடைஞ்சு உள்ளயே நின்னது."

அவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தார். அப்புறம் அடுத்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. எங்கெங்கே வெல்டு வைத்தோம் என்று அவருக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போனது. ஒவ்வொன்றும் திறக்கும்போது எண்ணினார். குரலில் பழைய துள்ளல் திரும்பியிருந்தது.

"காத்தடிச்சுக் காய வைக்கணும்," என்றாள் அவள். "அப்புறம் உள்ள துரு மருந்து. பெயிண்ட் காஞ்ச பிறகு உள்பக்கம் மெழுகு. மெழுகு அடிச்சதும் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டு எடுங்க. அதுவும் அடைச்சிரும்."

"பதினொண்ணு," என்றார் வண்டிக்கு அடியிலிருந்து.

அப்போது இசக்கி ஸ்பிரே கன்னோடு வந்து நின்றான்.

"ஆரம்பிச்சிரலாமா அண்ணாச்சி?"

அருள்தாஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கொஞ்சம் பொறுப்பா. உள்ள போற தண்ணி வெளிய வருதான்னு பாக்கணும். முதல்ல ஒரு நல்ல மழை பெய்யட்டும்."